‘முழுசா குணமாகட்டும்’ என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டில், ஐந்தாவது செமஸ்டர் நடுவில், எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றார் டாக்டர். படிப்பு நின்று இரண்டரை வருடம் ஆகிறது. காலையும் மதியமும் டிரைஹெக்சிஃபெனிடில் 2 மி.கி., இரவு 11 மணிக்கு ஓலான்சபின் 10 மி.கி. போடுகிறான். காதில் குரல் கேட்பது நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நான்கு அரியர் இருக்கிறது. கல்லூரியில் போய்க் கேட்டால், “டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க” என்கிறார்கள். போன மாதம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்த்துவிட்டோம். இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. காலையில் எழுப்ப முடியவில்லை, சொன்ன வேலை மறந்துபோகிறது, மாத்திரை விஷயமும் வெளியே தெரிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் “முழுசா குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்கிறார்கள். ஊனச் சான்றிதழ் வாங்கச் சொன்னார் டாக்டர். வாங்கினால் கல்யாணம் நடக்குமா என்று அவன் அப்பாவுக்குப் பயம். என்ன செய்வது?
– ஒரு தாய், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் மட்டும் இல்லை. உங்கள் மகனுக்கு என்ன விருப்பம்? திரும்பப் படிக்க ஆசைப்படுகிறாரா, கையில் நாலு காசு வந்தால் போதும் என்று நினைக்கிறாரா, இரண்டுமே இப்போது வேண்டாம் என்கிறாரா? 24 வயது ஆண்மகன் அவர். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் அவரோடு உட்கார்ந்து படியுங்கள். அவருக்குத் தெரியாமல் வாங்கிக் கொடுத்த வேலை பெரும்பாலும் நிலைக்காது.

அடுத்தது, சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனை. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நோயில் இதைவிட இழப்பு தரும் யோசனை வேறு இல்லை. மனச்சிதைவில் பலருக்கு மாத்திரை வருடக்கணக்கில் தொடரும். ‘முழுசா’ என்ற அந்த நாளுக்குக் காத்திருந்தால் 24 வயது 34 ஆகிவிடும். அந்த இடைவெளியில் கைப்பழக்கமும் நட்பும் தைரியமும் போய்விடும். முதலில் நீண்ட பயிற்சி, தகுதி வந்த பிறகு வேலை என்பதுதான் மறுவாழ்வுத் துறையின் பழைய முறை. 1990களில் அமெரிக்காவில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். வேலை செய்ய விரும்புகிறவரைத் தாமதமில்லாமல் உண்மையான வேலையில் சேர்த்துவிட்டு, வேலையில் இருக்கும்போதே பக்கத்துணை கொடுத்தார்கள். பல நாடுகளில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டதில், இப்படிச் சேர்ந்தவர்களே அதிகம் பேர் வேலையில் இருந்தார்கள். குரல்கள் தொந்தரவு செய்யாமல், தூக்கம் ஒழுங்காக, மாத்திரை விடாமல் போய்க்கொண்டிருக்கிறது என்றால் தொடங்கலாம். உங்கள் மகன் அந்த இடத்துக்கு எப்போதோ வந்துவிட்டார்.

அப்படியானால் பனியன் கம்பெனியில் ஏன் நிற்க முடியவில்லை? மறுபடி அதே மாதிரி நடக்காமலிருக்க இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரவு 11 மணிக்கு ஓலான்சபின் என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சிதைவுக்கான இந்த மாத்திரை ரத்தத்தில் உச்சத்தை எட்ட ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். அதாவது விடியற்காலை 5 மணிக்கு மருந்து முழு வேகத்தில் இருக்கிறது. வேலைக்கு அனுப்ப அதன் பின் சற்று நேரத்திலேயே நீங்கள் எழுப்பியிருப்பீர்கள். எழுந்திருக்க முடியாதது சோம்பேறித்தனம் இல்லை. இதே மாத்திரையை இரவு எட்டு, எட்டரைக்குப் போட்டால் பலருக்குக் காலை மந்தம் நன்றாகக் குறைகிறது. அளவைக் குறைக்க வேண்டியதில்லை, நேரத்தை நகர்த்தினால் போதும். இதை நீங்களாகச் செய்யாமல் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அந்த இன்னொரு மாத்திரை, டிரைஹெக்சிஃபெனிடில். மனநோய் மாத்திரைகளால் வரும் கை நடுக்கம், உடல் இறுக்கம் ஆகியவற்றுக்காகக் கொடுப்பது. அதற்கென்று ஒரு விலை உண்டு. வாய் வறளும், கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும், முக்கியமாக இப்போது கேட்டது ஞாபகத்தில் நிற்காது. செக்கிங் மேஜையில் துணியின் சின்ன ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடிக்க வேண்டிய ஒருவருக்குக் கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரிந்தால் என்ன ஆகும்? சூப்பர்வைசர் ஒரே மூச்சில் நாலு வேலை சொன்னால் இரண்டு எப்படி மனதில் நிற்கும்? ஆரம்பத்தில் தேவைப்பட்ட இந்த மாத்திரை வருடக்கணக்கில் சீட்டில் அப்படியே தொடர்வது சாதாரணமாக நடக்கிறது. ஓலான்சபினோடு இது தேவைப்படாதவர்கள் நிறைய. அடுத்த ஓ.பி.யில் நேராகவே கேளுங்கள்: “டாக்டர், இது இன்னும் தேவையா? ஞாபக மறதி இதனால் இருக்குமா?” தேவையில்லை என்றால் அவர் படிப்படியாகக் குறைப்பார். சட்டென்று நீங்களாக நிறுத்தினால் நடுக்கமும் பதற்றமும் திரும்பலாம்.

டாக்டரைப் பார்க்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் நான்கு நேரங்களை மட்டும் உங்கள் மகனே எழுதி வரட்டும்: மாத்திரை போட்ட நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம், தலை தெளிந்த நேரம். கூட்டமான ஓ.பி.யில் டாக்டருக்கு உங்களுக்காக இருப்பது சில நிமிடங்கள். “தூக்கம் அதிகமா இருக்கு டாக்டர்” என்பதைவிட “காலை 10 மணி வரை தலை தெளியவில்லை” என்று எழுதிய தாள் பேசும்.

மாத்திரையோடு முடியவில்லை. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிஃப்ட் என்பது உங்கள் ஊரில் வழக்கம். இரண்டரை வருடம் வீட்டில் இருந்தவரை முதல் நாளே பன்னிரண்டு மணி நேரம் இயந்திர இரைச்சலில் நிறுத்தினால் நோய் இல்லாதவரே தடுமாறுவார். இந்த நோயில் கவனம், வேலை செய்யும் வேகம், ஒரே நேரத்தில் பல விஷயங்களை மனதில் வைத்திருப்பது ஆகிய மூன்றும் குரல்கள் நின்ற பிறகும் கொஞ்சம் குறைந்தே இருக்கும். பழகப் பழகத்தான் ஏறும். எனவே, அவருக்கு வேலை வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மாத்திரை நேரம், ஷிஃப்ட் நேரம், வேலை சொல்லிக் கொடுத்த விதம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவரை வெளியே தள்ளின. மூன்றையும் மாற்ற முடியும்.

இனி கல்லூரி. இதில் அவசரம் இருக்கிறது. முதலில் இதைப் படித்துவிட்டு நாளையே செயல்படுங்கள்.

டி.சி. இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதீர்கள். வாங்கியதும் அவர் பெயர் வருகைப் பதிவிலிருந்து போய்விடும், திரும்பச் சேர்வது பல மடங்கு கடினமாகும். அடுத்து, கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்ததா, தன்னாட்சி பெற்றதா என்று பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் சொந்த விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பி.இ. படிப்பை 8 செமஸ்டரில் முடிக்க வேண்டும், அதிகபட்சம் 14 செமஸ்டர், அதாவது 7 ஆண்டு. இடையில் படிப்பை நிறுத்திய காலமும் இந்த ஏழுக்குள்தான் அடங்கும். உங்கள் மகன் நான்கு செமஸ்டர் முடித்து ஐந்தாவதில் நின்றார், நின்று இரண்டரை வருடம். வரும் கல்வியாண்டு தொடங்கும்போது சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருக்கும். மீதி இருப்பது இரண்டு வருடம், படிக்க வேண்டியது நான்கு செமஸ்டர். சரியாகப் பொருந்துகிறது, ஆனால் ஒரு செமஸ்டர்கூட உபரி இல்லை. காலம் தாண்டியவர்களுக்கு அரியர் எழுதச் சிறப்பு வாய்ப்பு சில சமயம் அறிவிக்கப்படுவது உண்டு. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நோய் வந்தபோது படிப்பைத் தற்காலிகமாக நிறுத்த அனுமதி கேட்டு மனு கொடுத்தீர்களா? மருத்துவக் காரணத்துக்காக அப்படி விண்ணப்பிக்க விதியில் இடம் உண்டு. அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் கல்லூரி முதல்வர் வழியாகப் போயிருக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அலைந்துகொண்டிருக்கும், மனு கொடுக்கத் தோன்றியிருக்காது. கொடுக்கவில்லை என்றால் அவர் பதிவேட்டில் வருகை குறைந்து நின்றவராக இருப்பார். அப்போதும் மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்தாவது செமஸ்டரை ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும், திரும்பச் சேரும்போது நடைமுறையில் உள்ள பாடத்திட்டம் அவருக்குப் பொருந்தும். பாடத்திட்டம் மாறியிருந்தால் சில பாடங்களைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். இணைப்புக் கல்லூரி என்றால் கோப்பு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்வர வேண்டும். வகுப்பு தொடங்க மூன்று மாதம் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

வாய்மொழியாகக் கேட்டதால்தான் வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினார்கள். எழுத்தில் கொடுங்கள், உங்கள் மகன் கையெழுத்தில். இவ்வளவு போதும்:

“நான் இக்கல்லூரியில் பி.இ. இயந்திரவியல் பயின்று, ஐந்தாம் செமஸ்டரில் உடல்நலக் குறைவால் படிப்பைத் தொடர இயலவில்லை. தொடர் சிகிச்சையில் இப்போது நலமாக உள்ளேன். படிப்பைத் தொடரத் தகுதியுடன் இருப்பதாக மருத்துவர் அளித்த சான்றை இணைத்துள்ளேன். வரும் கல்வியாண்டில் ஐந்தாம் செமஸ்டரில் மறுசேர்க்கை வழங்கவும், இயலாவிடில் அதற்கான விதியைக் குறிப்பிட்டு எழுத்துபூர்வமாகப் பதில் தரவும் வேண்டுகிறேன்.”

நோயின் பெயர் இதில் இல்லை, கவனியுங்கள். டாக்டரின் சான்றிலும் “தொடர் சிகிச்சையில் உள்ளார், கல்வியைத் தொடரத் தகுதியுடையவர்” என்று இருந்தால் போதும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடைசி வரியில் உள்ள ‘விதியைக் குறிப்பிட்டு’ என்ற வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். “அவனால் முடியாது” என்று வாயால் சொல்லிவிடலாம், அதற்கு ஒரு விதி எண் போட்டு எழுத முடியாது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. அவற்றில் மனநோயும் ஒன்று. அரசு நிதி பெறும் கல்லூரிகளை மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் கல்லூரிகளையும் கருதியே அதன் 16ஆம் பிரிவு எழுதப்பட்டுள்ளது. பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. நியாயமான வசதி என்றால் இவர் விஷயத்தில் என்ன? முன் பெஞ்சு. போர்டை போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி. படபடப்பு வந்தால் கேட்காமல் ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதி. தேர்வில் கூடுதல் நேரம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்றிதழ் உள்ளவர்கள் மூன்று மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டி நெறி சொல்கிறது. சதவீதம் குறைவாக இருந்தாலும் தேவையான வசதியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விகாஷ் குமாருக்கு இருந்தது எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. தீர்ப்பின் தர்க்கம் எல்லோருக்கும் பொதுவானது.

வருகைப்பதிவுதான் உண்மையான சிக்கல். 75 சதவீதம் வேண்டும். 65க்கு மேல் 75க்குள் இருந்தால் மருத்துவச் சான்றுடன் விலக்கு கேட்கலாம். 65க்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் போய்விடும். உங்களிடம் உபரி செமஸ்டர் இல்லை என்பதால், மாதாந்திர ஓ.பி.யைச் சனிக்கிழமை அல்லது ஆய்வக வகுப்பு இல்லாத நாளுக்கு மாற்றிக் கேளுங்கள். அரியரைப் பொறுத்தவரை, நான்கையும் ஒரே தேர்வில் தீர்க்கப் பார்க்க வேண்டாம். நடப்புப் பாடங்களோடு ஒரு தடவைக்கு இரண்டு போதும். முதல் செமஸ்டரில் வீட்டிலிருந்தே போய்வருவது நல்லது. ஹாஸ்டலில் இரவு இரண்டு மணி வரை விளக்கு எரியும், தூக்கம் கெடுவதுதான் பெரும்பாலும் முதல் சறுக்கல்.

இதெல்லாம் கேட்டுவிட்டு “எனக்கு பி.இ. வேண்டாம்” என்று அவர் சொன்னால் அதையும் மதியுங்கள். இரண்டு வருடம் ஒரு நாள்கூடத் தவறாமல் ஓடுவது எல்லோருக்கும் ஏற்றதல்ல. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேறு பட்டம், ஐ.டி.ஐ.யில் ஒரு தொழிற்பிரிவு என்று வழிகள் இருக்கின்றன. பி.இ.யை விட்டாலும் அந்த நான்கு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களைப் பத்திரமாக வையுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. அது என்ன, எப்படிக் கிடைக்கும், யார் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபமாகும்.

மனநோய்க்கான மதிப்பீட்டுக்கு ஐடியாஸ் என்ற அளவுகோல் இருக்கிறது, இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை அல்லது படிப்பு என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கும் 4 வரை உண்டு. மொத்தம் 20. இதில் 7 வந்தால் 40 சதவீதம். அரசுச் சலுகைகளும் இடஒதுக்கீடும் தொடங்கும் எல்லை அதுதான்.

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடுகின்றன. மருத்துவக் குழு முன்னால் உட்கார்ந்ததும், “எப்படி இருக்கார்?” என்று கேட்டால், தாய் மனது “இப்போ நல்லா இருக்கான் சார்” என்று சொல்லிவிடும். உடனே 4 அல்லது 5 மதிப்பெண். வேறு சிலர் யாரோ சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றுக்கும் “முடியாது” என்பார்கள், பையன் தானாகச் சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருப்பான், குழுவுக்குச் சந்தேகம் வரும். உள்ளதை உள்ளபடி, நாள் கணக்கோடு சொல்லுங்கள். நினைவூட்டாமல் வாரத்தில் எத்தனை நாள் குளிக்கிறார்? மாதத்தில் எத்தனை முறை வெளியாளோடு பேசுகிறார்? கடைசியாகச் சேர்ந்த வேலை எத்தனை நாள் நீடித்தது, ஏன் நின்றது? முதல் நாள் சீட்டு முதல் இன்றைய சீட்டு வரை தேதி வரிசையில் ஒரே ஃபைலாக எடுத்துப்போங்கள். நோய் தொடங்கி இரண்டு வருடம் தாண்டியதற்கு அதுதான் சாட்சி.

சான்றிதழுக்கான விண்ணப்பம், மாற்றுத்திறனாளிகளின் தனித்துவ அடையாள அட்டைக்கான மத்திய அரசு இணையதளத்தில். இ-சேவை மையத்தில் போட்டுத் தருவார்கள். கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் மனநல மருத்துவர் வரும் முகாம் நாளைச் சொல்வார்கள். அந்த நாள் தெரியாமல் போய்த் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர்.

அட்டையில் குறைபாட்டின் வகையும் சதவீதமும் அச்சாகியிருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் எடுத்துக் காட்டும் இடத்தில்தான் அது தெரியும். மதிப்பெண் பட்டியலிலோ சாதிச் சான்றிதழிலோ எதுவும் ஏறாது. பெண் வீட்டார் எந்த அலுவலகத்திலும் போய்த் தேடிப் பார்க்க முடியாது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் உரிமை. மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மனநோய்ச் சான்றிதழ் பெரும்பாலும் சில வருடங்களுக்குத்தான் செல்லும், நலமானால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். கல்யாணப் பேச்சு வரும்போது நோயைச் சொல்வதா என்பது தனிக் கேள்வி. என் கருத்து, சொல்லித்தான் ஆக வேண்டும். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாது.

அட்டையால் கிடைப்பதையும் மிகைப்படுத்த மாட்டேன். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றோடு பல்வகைக் குறைபாடு உள்ளவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். எல்லாப் பதவிகளும் இந்தப் பிரிவுக்குத் திறந்திருக்காது. டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்தால் கட்டணம் கட்டும் முன் அந்தப் பதவிக்கு மனநோய்ப் பிரிவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும் ஐந்தாண்டு வயது வரம்புத் தளர்வும் உண்டு. தனியார் வேலையில் இடஒதுக்கீடு எதுவும் கிடையாது. இத்தனையையும் வைத்துப் பார்த்தாலும், வாங்கிப் பெட்டியில் வையுங்கள் என்றுதான் சொல்வேன். தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும் நாளில் அது கையில் இல்லையென்றால் அன்றைக்கு வாங்க முடியாது.

இனி வேலைக்குப் போகும்போது சொல்வதா மறைப்பதா என்பது. நோயின் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அதே சமயம் படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடக் கூடாது, பிற்பாடு அதுவே வேலையைவிட்டு நீக்கக் காரணமாகும். முழுதாக மறைத்து வேலை செய்தால் மாத்திரையை ஒளித்துப் போட வேண்டும், ஓ.பி.க்குப் பொய்க் காரணம் சொல்ல வேண்டும். அந்தப் பயத்திலேயே மாத்திரையை விட்டுவிடுவார்கள். போன தடவை எப்படித் தெரிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. யாரோ பையில் பார்த்துத் தெரிவதும், அவரே உரிய ஒருவரிடம் சொல்லித் தெரிவதும் ஒன்றல்ல.

வேலை உறுதியானதும், சேரும் நாளுக்கு முன்னால், ஹெச்.ஆர். அல்லது நேரடி சூப்பர்வைசர், ஒரே ஒருவரிடம், உங்கள் மகனே இப்படிச் சொல்லலாம்: “எனக்கு நீண்டநாள் உடல்நலப் பிரச்சினை ஒண்ணு இருக்குங்க சார், மருந்துல கட்டுப்பாட்டுல இருக்கு. வேலை செய்யலாம்னு டாக்டர் சர்டிபிகேட் குடுத்திருக்கார். முதல் ஆறு மாசம் ஒரு ஷிஃப்ட் மட்டும் குடுங்க, நைட் வேண்டாம். மாசத்துல ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும். வேலையைத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா தப்பில்லாம செஞ்சிடுவேன்.” வீட்டில் நாலைந்து தடவை சொல்லிப் பழகட்டும். இடைவெளி பற்றிக் கேட்டால், “உடம்பு சரியில்லாம படிப்பை நிறுத்தினேன், இப்ப நல்லா இருக்கேன்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். டாக்டரிடம் வாங்கும் தகுதிச் சான்றிலும் “பகல் ஷிஃப்ட் வேலைக்குத் தகுதி, ஆறு மாதம் இரவுப் பணியும் மிகைநேரமும் தவிர்க்கவும்” என்று எழுதி வாங்குங்கள். கம்பெனிக்கு இதனால் ஒரு பைசா செலவில்லை. அதனால்தான் கேட்டால் பல இடங்களில் கிடைத்துவிடுகிறது.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்பது 2017 விதி. ஏற்றுமதி நிறுவனங்களில் வெளிநாட்டு வாங்குபவர்களின் ஆய்வு வருவதால் இது ஃபைலிலாவது இருக்கும். அதனால் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டைவிடப் பெரிய நிறுவனம் முதலில் முயற்சிக்கத் தகுந்தது. ஒன்றரை ஷிஃப்ட் கட்டாயம் என்ற இடத்தைச் சம்பளம் எவ்வளவு என்றாலும் தவிருங்கள். அவர் படிப்புக்கு ஸ்டோர்ஸ், உதிரிபாகக் கணக்கு, இயந்திரப் பராமரிப்புப் பதிவேடு போன்றவை செக்கிங்கைவிடப் பொருந்தும். இரைச்சல் குறைவு, வேலை எழுத்தில் இருக்கும், வேகத்தை மற்றவர் கை தீர்மானிக்காது.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கும் இடமா என்று கேளுங்கள். நோய் திரும்பி வேலைக்குப் போக முடியாமல் போனால், தகுதியான சந்தா இருந்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீண்டகால நோய்ப் பட்டியலில் மனச்சிதைவும் இருப்பதால், இரண்டு வருடம் வேலை செய்த பிறகு 80 சதவீதத்தில் நீட்டிப்பும் உண்டு.

தொடக்கம் சிறிதாக இருக்கட்டும். வேலைக்குச் சேர இரண்டு வாரம் முன்பே அந்த நேரத்துக்கு எழுந்து, அதே பஸ்ஸில் போய் வரட்டும். தெரிந்தவர் கடையிலோ ஒர்க்ஷாப்பிலோ ஒரு மாதம் தினமும் நான்கு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் சம்பளத்தோடு. சும்மா உட்காரவைத்தால் அது வேலை இல்லை என்று அவருக்கே தெரியும்.

வீட்டில் உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு விசாரிக்காதீர்கள். அடுத்தவர் முன்னால் “மாத்திரை போட்டியா” என்று கேட்காதீர்கள். நாளுக்கு ஓர் அறை உள்ள மாத்திரை வாரப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தால் காலியான அறையைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்துவிடும். முதல் சம்பளம் அவர் கையிலேயே இருக்கட்டும்.

சறுக்கல் வரலாம், அதற்கும் ஒரு தாள் தயாராக இருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் கீழ் தூக்கம், கூட வேலை செய்பவர்கள் தன்னைப் பற்றிக் கிசுகிசுப்பதாகப் பேச்சு, சாப்பாட்டில் சந்தேகம் என்று அவருக்கு வந்த ஆரம்ப அடையாளங்களை அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். அதன் கீழே டாக்டர் எண், இரவிலும் பேசக்கூடிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, மெடிக்கல் லீவுக்கான கடிதம் ஒன்று. இரண்டாம் நாளே டாக்டரைப் பார்த்தால் சில நாள் லீவோடு முடியும். மூன்று வாரம் விட்டால் வேலை போகும்.

கல்லூரியிலிருந்து முப்பது நாளில் பதில் வரவில்லை என்றாலோ, காரணம் சொல்லாமல் மறுத்தாலோ, கடிதத்தின் நகலையும் ஒப்புகை அட்டையையும் இணைத்துச் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் அனுப்புங்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடமும் ஒரு நகல் கொடுக்கலாம். வக்கீல் தேவைப்பட்டால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மனநோய் உள்ளவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது. இதற்கெல்லாம் அடிப்படை அந்த முதல் கடிதம். கல்வியாண்டு தொடங்க எத்தனை வாரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, இந்த வாரமே எழுதச் சொல்லுங்கள்.